தனக்குத் தானே கொடுத்த வாக்கு

பிறருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. கடன் வாங்கியவன் திருப்பித் தர வேண்டும். திருமணத்திற்கு நாள் குறித்தவன் அந்நாளில் வந்து நிற்க வேண்டும். ஆனால், மனிதன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் வாக்கு எத்தகையது? அதனை எவரும் கேட்கவில்லை; அதற்குச் சாட்சி இல்லை; நிறைவேற்றாது போனால் எவருக்கும் நட்டம் இருப்பதாகவும் தோன்றவில்லை. அத்தகைய வாக்கிற்கு அறத்தின் தராசில் எடை ஏதும் உண்டா?

இக்கேள்வியை நாமாகத் தேடிச் செல்லவில்லை. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் அதனை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தார்.

அவர் ஆவடியில் குடியிருப்பவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டர்னர் வேலை பார்க்கிறார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். ஆவடியில் ரயிலேறி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் நிலையங்களைக் கடந்து, பட்டரவாக்கத்தில் இறங்கிப் பட்டறைக்கு நடப்பார். அவருக்கு எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. சென்ற ஆண்டு அவருடைய தாயார் வஃபாத்தானார். அந்த அம்மையார் எழுத்தறியாதவர். ஆனால் கதை சொல்வதில் வல்லவர். பேத்தி உறங்குமுன் இரவுதோறும் ஒரு கதை சொல்வது அவர் வழக்கம். அவர் மறைந்தபின் பிள்ளை தகப்பனாரிடம் கதை கேட்டது. இவருக்கோ ஒரு கதையின் தொடக்கம் நினைவிலிருந்தது, முடிவு இல்லை. மற்றொன்றின் முடிவு நினைவிலிருந்தது, நடுப்பகுதி இல்லை.

“ஹஜ்ரத், வரும் முஹர்ரம் பிறை முதல் ஒரு வருடம், வாரம் ஒரு கதை எழுதலாம் என்று இருக்கிறேன். அம்மா சொன்னதில் நினைவில் நிற்பதை எழுதி, மறந்த இடத்தை நானே கட்டி முடிப்பேன். வருடம் முடியும்போது பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். ஆனால் என்னை எனக்குத் தெரியும். நாலு வாரத்தில் விட்டுவிடுவேன். அதனால் நேர்ச்சை செய்துகொள்ளட்டுமா? ஒரு வாரம் தவறினால் மூன்று நோன்பு என்று வைத்துக்கொண்டால், அந்தப் பயத்திலாவது எழுதுவேன் அல்லவா?” என்றார்.

நாம் உடனே விடை கூறவில்லை. “அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு வாருங்கள், தம்பி” என்று சொல்லி அனுப்பினோம். நூல்களைப் பார்க்க வேண்டியிருந்தது ஒரு காரணம். நம் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் ஒரு பொருளை அக்கேள்வி தொட்டுவிட்டது மற்றொரு காரணம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

கட்டியவனே அவிழ்க்கலாமா?

தாமஸ் ஹாப்ஸ் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1651ஆம் ஆண்டில் ‘லெவியாதன்’ என்ற நூலை வெளியிட்டார். தான் இட்ட சட்டத்திற்கு அரசன் தானே கட்டுப்படுவானா என்று ஆராயும் இடத்தில் அவர் ஒரு வாதத்தை வைக்கிறார். கட்டும் உரிமை எவனிடம் உள்ளதோ, அவிழ்க்கும் உரிமையும் அவனிடமே இருக்குமானால், அவன் உண்மையில் கட்டப்பட்டவனே அல்லன் என்பது அவ்வாதத்தின் சாரம். இதனை நம் கேள்விக்குப் பொருத்திப் பாருங்கள். கடன் கொடுத்தவர் மன்னித்துவிட்டால் கடன் தீர்ந்தது. தனக்குத் தானே கடன்பட்டவன், மறுநாட் காலையில் எழுந்து, “நான் என்னை மன்னித்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது!

இவ்வாதத்தில் ஓட்டை இருப்பதாக முதற்பார்வையில் தெரியவில்லை. ஆயினும் நம் உள்ளம் அதனை ஏற்க மறுக்கிறது. எடுத்த காரியத்தைச் சோம்பலால் விட்டுவிட்ட ஒருவன் வெட்கப்படுகிறான். யாருக்கும் கடன்படாதவன் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஹாப்ஸின் வாதம் ஓர் எண்ணத்தின்மேல் நிற்கிறது: என் காலம் எனக்கே சொந்தம், அதனை நான் கட்டவும் அவிழ்க்கவும் செய்யலாம் என்பதே அது. நாம் கற்ற கல்வி இதனை ஒப்புவதில்லை. ஆயுளை எதில் கழித்தாய், அறிவைக் கொண்டு என்ன செய்தாய், உடலை எதில் தேய்த்தாய் என்ற வினாக்கள் மறுமையில் நம்மை எதிர்கொள்ளும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கேட்கப்படும் பொருள் நம் உடைமை அன்று, அமானிதம். ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளைப் பற்றி, “நானே எடுத்தேன், நானே விட்டேன்” என்று கூற நமக்கு உரிமை ஏது?

அப்படியானால், எடுத்த காரியத்தை எந்நிலையிலும் விடவே கூடாதா? விடலாம் என்றால், அந்த விடுதலையைத் தருபவர் யார்? இதற்கு விடை நபித்தோழர் ஒருவரின் வரலாற்றில் இருக்கிறது.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் அனுபவம்

அப்துல்லாஹ் இப்னு அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் இளமையில் வணக்க வேட்கை மிக்கவர்கள். பகலெல்லாம் நோன்பு நோற்பது, இரவெல்லாம் நின்று வணங்கித் திருக்குர்ஆன் முழுவதையும் ஓதிவிடுவது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்கள். செய்தி அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை அழைத்துத் தடுத்தார்கள். உடலுக்கு உம்மீது உரிமை உண்டு, கண்ணுக்கு உரிமை உண்டு, மனைவிக்கு உரிமை உண்டு, வீடு தேடி வரும் விருந்தினருக்கும் உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். “என்னால் இன்னும் முடியும்” என்று இளைஞர் மன்றாட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற அளவோடு அது நின்றது.

வயது முதிர்ந்து உடல் தளர்ந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய எளிய அளவையே ஏற்றிருக்கலாமே என்று அந்தத் தோழர் ஏங்கினார்கள். ஆயினும் எடுத்ததை விடவில்லை. பலம் வேண்டிச் சில நாட்கள் தொடர்ந்து நோன்பை விடுவார்கள். விட்ட நாட்களை எண்ணி வைத்துப் பின்னர் நோற்று முடிப்பார்கள். இதே தோழரிடம்தான், இரவு வணக்கத்தைச் செய்துவந்து பின்பு விட்டுவிட்ட இன்னாரைப் போல் ஆகிவிடாதீர் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

ஒரே மனிதருக்கு இரு அறிவுரைகள்: அளவுக்கு மீறி எடுக்காதே, எடுத்ததைக் கைவிடாதே. இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது நம் கேள்விக்கு ஒரு வழி புலப்படுகிறது. இளைஞரின் கட்டைத் தளர்த்தியவை எவை? உடல், கண், மனைவி, விருந்தினர் ஆகியோரின் உரிமைகள். அவருடைய சலிப்புக்கு அங்கே இடமே தரப்படவில்லை. ஆகவே நாம் கொள்வது இது: தனக்குத் தானே கொடுத்த வாக்கிலிருந்து ஒருவனை விடுவிக்கும் உரிமை அவனிடம் இல்லை, அவன்மீது உரிமை உடையவர்களிடமே இருக்கிறது. நோயுற்ற பிள்ளை விடுவிக்கலாம். களைத்த உடல் விடுவிக்கலாம். உதவி கேட்டு வந்த அண்டை வீட்டார் விடுவிக்கலாம். ‘இன்று மனமில்லை’ என்ற சொல்லுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

அலமாரியின் கீழ்த்தட்டு

இவ்வளவு எழுதும் நாம் இதனைக் கடைப்பிடித்தோமா? இல்லை. அதனைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

1998ஆம் ஆண்டில் நமது உஸ்தாத் அவர்கள் ஒரு கையெழுத்துப் பிரதியை நம்மிடம் தந்தார்கள். அவர்களுடைய பாட்டியார் தம் கைப்பட அரபுத் தமிழில் எழுதியது. தமிழ் மொழியை அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கென்று புள்ளிகள் சேர்த்து அமைத்த தனி எழுத்துகளோடு எழுதும் முறையே அரபுத் தமிழ் என்பதை வாசகர்கள் அறிவார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் மார்க்க நூல்களை எழுதிய அவ்வெழுத்தில், நம் வீட்டுப் பெண்மணிகள் தாலாட்டும், கைவைத்தியமும், பெயர்ப் பட்டியலும், குடும்பக் கணக்கும் எழுதி வைத்தார்கள். நம்மிடம் வந்த பிரதியில் 212 பக்கங்கள். அதனைப் பெயர்த்து எழுதும்படி உஸ்தாத் கட்டளையிடவில்லை. வைத்துக்கொள்ளும்படி மட்டுமே சொன்னார்கள். நாளுக்கு ஒரு பக்கம் தமிழ் எழுத்தில் பெயர்த்து, ஓர் ஆண்டுக்குள் முடிப்பது என்று நாமே முடிவு செய்தோம்.

நாற்பத்தொரு நாட்கள் தவறாமல் எழுதினோம். அதன்பின் ஓர் எண்ணம் புகுந்தது. வெறுமனே பெயர்த்தால் போதுமா? அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டாமா? அகராதியோடு ஒப்பிட வேண்டாமா? பாடபேதம் காட்ட வேண்டாமா? இவ்வாறு வேலையைப் பெருக்கினோம். ஒரு பக்கத்திற்கு ஒரு நாள் போதாமல் ஒரு வாரம் ஆயிற்று, பிறகு ஒரு மாதம் ஆயிற்று, பிறகு நின்றது. நம் துணைவியார் தடுக்கவில்லை, பிள்ளைகளுக்கு நோயில்லை, பள்ளி வேலையும் கூடவில்லை. உரிமை உடையவர் எவரும் நம்மை விடுவிக்கவில்லை. சிறப்பாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையின் போர்வையில் நம் பெருமிதமே நம்மை நிறுத்தியது. “எத்தனை பக்கம் ஆயிற்று?” என்று உஸ்தாத் இரண்டு முறை கேட்டார்கள், பின்னர்க் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். மன்னித்துவிட்டார்கள் என்று அப்போது எண்ணிக்கொண்டோம். 2003இல் அவர்கள் வஃபாத்தானார்கள்.

2015 டிசம்பர் முதல் வாரத்தின் பெருமழையை இப்பகுதியில் எவரும் மறந்திருக்க முடியாது. நாம் அப்போது குடியிருந்த தெரு தாழ்வானது. வீட்டுக்குள் வந்த நீர், தரையில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளும் புகுந்தது. நீர் வடிந்தபின் அப்பிரதியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தோம். பெயர்க்காமல் விட்டிருந்த 171 பக்கங்களில் 83 பக்கங்களையே இப்போது படிக்க முடிகிறது. மற்றவற்றில் மை கரைந்து நீல நிறம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தப் பாட்டியார் எந்தப் பிள்ளைக்கு என்ன பாடினார் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

நிறைவேற்றாது போனால் எவருக்கும் நட்டமில்லை என்று தொடக்கத்தில் எழுதினோம் அல்லவா? அது பிழை. நட்டப்படுபவர் யார் என்பது வாக்குக் கொடுக்கும் நாளில் தெரிவதில்லை, அவ்வளவே. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் (16:92) எச்சரிக்கிறது. அவ்வசனம் சத்தியத்தை முறிப்பதைப் பற்றியது. ஆயினும் அதனை ஓதும்போதெல்லாம் அந்த டிரங்குப் பெட்டியே நம் கண்முன் வருகிறது.

வாரந்தோறும் எழுதியவர்

முடித்தவர்களையும் நாம் பார்க்க வேண்டும். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1940 ஜனவரியில், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், ‘என் சரித்திரம்’ என்னும் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் அவர் மறையும் காலம் வரை அது வந்துகொண்டிருந்தது. 122 அத்தியாயங்கள் ஆயின. வரலாறு அவருடைய இறுதிக் காலத்தை எட்டவில்லை. பாதி வழியில் நிற்கிறது. ஆனால் அந்நூலைக் கைவிடப்பட்ட நூல் என்று எவரும் சொல்வதில்லை. முடியாமற் போவது வேறு, விட்டுவிடுவது வேறு. அவரை விடுவித்தது மரணம்.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் கற்றுத் தேர்ந்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் 1920களில் தொடங்கிய திருக்குர்ஆன் தமிழாக்கம் முழுமையாக அச்சேறி வர 1940களின் இறுதி ஆயிற்று. நம் காலத்திலும், எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாளில், அன்றாடம் ஓர் அத்தியாயம் என்ற முறையில் தொடங்கிய ‘வெண்முரசு’, 2020 ஜூலையில் 26 நாவல்களாக நிறைவடைந்தது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் ஏடுகளில் இடையிடையே விடுபட்ட காலங்கள் உண்டு. அந்த இடைவெளிகளால் எழுதிய பக்கங்கள் பொய்யாகிவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்தியாவை அறிய விரும்புவோர் இன்றும் அவரிடமே செல்கின்றனர்.

இவர்கள் பேராற்றல் உடையவர்கள். நமக்கு ஒப்பல்லர் என்று சொல்லத் தோன்றும். ஆற்றல் ஒவ்வாதிருக்கலாம். ஆனால் வாரத்திற்கு ஏழு நாட்கள் என்ற கணக்கு அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான்.

மாணவருக்குச் சொன்னவை

அடுத்த வெள்ளியன்று மாணவர் வந்தார். நாம் மூன்று செய்திகளைச் சொன்னோம்.

முதலாவது, நேர்ச்சை வேண்டாம். ஒரு காரியத்தைச் செய்யத் தன்னைத் தானே நெருக்குவதற்காக, ‘தவறினால் இன்ன வணக்கம் செய்வேன்’ என்று கூறுவதை ஃபிக்ஹு நூல்கள் ‘நத்ருல் லஜாஜ்’ என்று குறிப்பிடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபின்படி, அவ்வாறு கூறியவர் தவறிவிட்டால், சொன்ன வணக்கத்தைச் செய்யலாம். அல்லது சத்தியத்தை முறித்தவருக்குரிய பரிகாரத்தைச் செய்யலாம். பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ தருவதும், அதற்கு இயலாதவர் மூன்று நோன்பு நோற்பதும் அப்பரிகாரமாகும். சட்டம் இது. ஆனால் நேர்ச்சை விதியை மாற்றுவதில்லை, உலோபியிடமிருந்து எதையேனும் வெளிக்கொணரவே அது பயன்படுகிறது என்பது நபிமொழியின் கருத்து. அன்போடு தர வேண்டியதை அச்சத்தால் ஏன் கறக்க வேண்டும்? நோன்பு இறைவனுக்கு உவப்பான வணக்கம். அதனைத் தண்டத் தொகையாக ஆக்குவதும் முறையன்று. பிள்ளைக்கு எழுதும் கதையை அபராதத்திற்குப் பயந்து எழுதினால் அக்கதையிலும் அந்தப் பயமே இருக்கும்.

இரண்டாவது, இன்ஷா அல்லாஹ் என்று சொல்லித் தொடங்குங்கள். நாளை இதனைச் செய்வேன் என்று இறைநாட்டத்தைக் குறிப்பிடாமல் கூற வேண்டாம் என்பது அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் போதனை (18:23, 24). நம்மவர்களிடையே இச்சொல் மரியாதையான மறுப்பாகத் தேய்ந்துவிட்டது. வர விருப்பமில்லாத விருந்துக்கு, “இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்” என்கிறோம். உண்மையில் அது உறுதியைத் தளர்த்தும் சொல்லன்று; உறுதி கொண்டவன், தன் கையில் இல்லாததைத் தன் கையில் இருப்பதாக எண்ணாதிருக்கச் சொல்லும் சொல்.

மூன்றாவது, தவறிய வாரத்தை எண்ணி வையுங்கள். ஆனால் அதைக் கண்டு ஓடாதீர்கள். இரவில் ஓத வேண்டிய பங்கை உறக்கத்தால் தவறவிட்டவர், அதனை மறுநாள் ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் இடையே ஓதிவிட்டால், இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்றும், நோயாளிக்கும் பயணிக்கும், அவர்கள் உடல்நலத்தோடு ஊரில் இருந்தபோது செய்துவந்த நற்செயலின் கூலி எழுதப்படும் என்றும் நபிமொழிகள் ஆறுதல் தருகின்றன. வழக்கமாகச் செய்துவந்தவனுக்கே இந்தச் சலுகை. வழக்கமே இல்லாதவனுக்கு எதனை எழுதுவது?

“அளவு மட்டும் சொல்லுங்கள், ஹஜ்ரத். வாரம் ஒன்று சரியா?” என்று கேட்டார்.

“பகல் ஷிப்ட் வாரத்தை வைத்து அளக்காதீர்கள், இரவு ஷிப்ட் வாரத்தில் உங்களால் என்ன முடியுமோ அதுவே அளவு” என்றோம். அவர் சற்று யோசித்தார். “புரிகிறது. லேத்திலும் அப்படித்தான். அவசரப்பட்டு ஒரே கட்டில் நிறைய எடுக்கப் பார்த்தால் டூல் உடையும், ஜாப்பும் வீணாகும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்தான் அளவு நிற்கும்” என்றார். அமல்களில் இறைவனுக்கு மிக உவப்பானது, சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற நபிமொழியின் கருத்தை, அரபு மொழியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய நாம், பட்டறை மொழியில் கேட்டோம். கதைக்கு ஒரு பக்கம் என்று அவரே அளவைக் குறைத்துக்கொண்டார். ஹிஜ்ரி ஆண்டின் 354 நாட்களில் ஐம்பது வாரங்களும் நான்கு நாட்களும் உள்ளன. ஐம்பது கதைகள், மிஞ்சும் நாட்கள் ஓய்வு.

இதனை எழுதும் இன்று அவர் பதினேழு கதைகளை முடித்திருக்கிறார். ஒன்பதாவது வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல், எழுதவில்லை. பதினோராவது வாரத்தில் இரண்டு எழுதினார். ஒரு நாள் அவர் வந்து, சிரிப்பும் கண்ணீருமாக ஒன்றைச் சொன்னார். முடிவு மறந்துபோன கதை ஒன்றைத் தாமே கட்டி முடித்துப் படித்துக் காட்டினாராம். பிள்ளை எழுந்து உட்கார்ந்து, “அத்தா, நன்னிமா அப்படிச் சொல்லவில்லை” என்று உண்மையான முடிவைச் சொல்லிற்றாம். தாம் தொலைத்துவிட்டதாக நினைத்தது பிள்ளையிடம் பத்திரமாக இருந்ததை, எழுதத் தொடங்கியதால் அல்லவா அறிந்தார்! அந்தப் பக்கத்தில் இப்போது இரண்டு முடிவுகளும் இருக்கின்றன.

நாமும் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்துவிட்டோம். எஞ்சியிருப்பவை 83 பக்கங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு பக்கம்; அடிக்குறிப்பு இல்லை, அகராதி இல்லை, பெயர்ப்பு மட்டுமே. இன்றுவரை ஆறு பக்கங்கள் ஆகியுள்ளன. உஸ்தாத் அவர்கள் மூன்றாம் முறை கேட்டிருந்தால் சொல்லியிருக்க வேண்டிய விடையை, இவ்வாறு தவணை முறையில் செலுத்திவருகிறோம்.

இதனைப் படிக்கும் இல்லங்களிலும் அத்தகைய ஏடுகள் இருக்கக்கூடும். பாட்டியார் எழுதிய அரபுத் தமிழ்ப் புத்தகமோ, எழுதப்படாமல் ஒரு முதியவரின் நினைவில் மட்டுமே இருக்கும் பாடலோ, உங்கள் கையாலேயே பாதியில் நின்ற பூத்தையலோ, எதுவாயினும் ஆகட்டும். மழைக்காலத்திற்கு முன் அதனைத் தரையிலிருந்து எடுத்து மேல்தட்டில் வையுங்கள். பிறகு, உங்கள் கடினமான வாரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை அளந்துகொண்டு தொடங்குங்கள். தொடங்கியதை முடிக்கும் ஆயுளையும் அதற்குரிய நிதானத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.